பிரிக்காத பொட்டலம்

இன்றைக்குக் கோயிலில் இருப்பவர்கள்: என் தம்பி பூபதி, அவன் மனைவி வளர்மதி, அவர்களுடைய ஒரே மகள் தாரணி, வளர்மதியின் தம்பி குழந்தைவேலு, பூசாரி, மஞ்சள் சேலையில் யாரென்று தெரியாத ஒரு பெண், நான். ஏழு பேர். அம்மனைச் சேர்த்தால் எட்டு. சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான், கேட்கிறவர்களோடு சேர்ப்பதா, சொல்கிறவர்களோடு சேர்ப்பதா. ஏழு என்றே இருக்கட்டும். நான் மூன்றாவது தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் இங்கே உட்காரச் சொல்லவில்லை. புருஷன் போன பிறகு நல்ல காரியம் கேட்க வருகிற இடங்களில் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்வது என் கால்களுக்கே பழகிவிட்டது. தூண் குளிர்ச்சியாக இருக்கிறது. வெளியே ஆனிக் காற்று கோயில் வேம்பைப் பிடித்து உலுக்குகிறது, சருகு உள்ளே வந்து என் காலடியில் நிற்கிறது, பூசாரி அதைக் கூட்டித் தள்ளுகிறார், மறுபடி வருகிறது. எங்கள் குடும்பத்தில் முடிவு சொல்ல முடியாத காரியத்துக்கு அம்மனிடம் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, வாழைநாரால் ஒரே மாதிரி கட்டி, அம்மன் காலடியில் வைத்து, சம்பந்தமில்லாத ஒரு கையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் நடத்து. வெள்ளை வந்தால் நிறுத்து. எடுத்ததைத்தான் பிரிப்பார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது சாமி சொல்லாத சொல், அதைப் பார்ப்பது பாவம், கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். பூவைக் காலையில் களத்து வேலியோரத்தில் நான்தான் பறித்தேன். வெள்ளை ஐந்து, சிவப்பு ஐந்து. ஒன்றுக்கு ஒன்று போதும். ஆனால் காம்பு ஒடிந்தால், இதழ் உதிர்ந்தால் மாற்று வேண்டும் அல்லவா. இரண்டு தரம் எண்ணி இலையில் வைத்து பூபதி கையில் கொடுத்தேன். நான் பூவைப் பறிக்கலாம், எண்ணலாம், கொண்டுவந்து கொடுக்கலாம். பொட்டலம் கட்டக் கூடாது. தாலி இல்லாத கை கட்டினால் சாமி வாக்கு மாறிவிடுமாம். எந்தக் கை கட்டினால் மாறாது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

தாரணிக்கு இடம் கிடைத்திருப்பது வக்கீல் படிப்பும் வியாபாரப் படிப்பும் சேர்ந்த ஒரே படிப்பில். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். சேருகிறேன் என்று நாளைக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் அதை எனக்கு விளங்க வைத்தது எங்கள் தேங்காய்க் களத்தில். உடைத்த தேங்காய் வெயிலில் வெள்ளை வெள்ளையாக மல்லாந்து கிடக்கிறது, நான் எண்ணிக்கொண்டு இருக்கிறேன். களத்தில் நாங்கள் எண்ணும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை, லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. அவள் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, “அத்தை, தனியா வியாபாரம் படிச்சா மூணு வருசம். அப்புறம் தனியா சட்டம் படிச்சா மூணு வருசம். சேர்த்துப் படிச்சா அஞ்சே வருசம்” என்றாள். “அப்ப ஒண்ணு மிச்சம்” என்றேன். “அதைத்தான் சொல்றேன், உங்களுக்குத்தான் சட்டுனு புரியுது” என்று சிரித்தாள். எனக்கு அந்த ஒரு வருசத்தின் மேல் ஆசையாகப் போயிற்று. யாருக்கோ நேர்ந்துவிட்ட மாதிரி ஒரு முழு வருசம் சும்மா மிஞ்சுகிறது. அதில் அவள் என்ன செய்வாள். என்னிடம் கொடுத்தால் நான் என்ன செய்வேன். ஒன்றும் செய்யத் தெரியாது, உட்கார்ந்து எண்ணுவேன். “படிச்சு முடிச்சு என்ன கண்ணு பண்ணுவே?” என்று கேட்டதற்கு, களத்தைப் பார்த்துக் கையை வீசினாள். “இதைத்தான் பண்ணுவேன். அப்பா கொப்பரையை மூட்டையாக் குடுத்துட்டு வெலையை அவங்க வாயில இருந்து கேட்டுக்கிட்டு வர்றாரு. நானே எண்ணெய் ஆட்டி நானே விப்பேன். எவனாச்சும் ஏமாத்தினா நானே கேஸ் போடுவேன். வக்கீல் ஒருத்தரு, மேனேஜர் ஒருத்தருன்னு தேட வேண்டாம் பாருங்க.” அவள் முழங்கையில் தேங்காய்ப் பால் பட்டுக் காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. பதினெட்டு வயது. அந்த வயதில் நான், என்னைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்தேன். எத்தனை குடம் என்று எண்ணிக்கொண்டுதான். எண்ணுவது அப்போதே வந்துவிட்டது, அதற்கு ஒரு உபயோகமும் வரவில்லை.

பூபதிக்கு முதலில் சந்தோஷம்தான். அதை நான் மறைக்க மாட்டேன். பரீட்சையில் தேறினாள் என்று தெரிந்த அன்று களத்து ஆட்களுக்கெல்லாம் பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தான், எங்க வீட்டுலயே ஒரு வக்கீல், எங்க வீட்டுலயே ஒரு முதலாளி என்று போனில் இரண்டு நாள் பேசினான். பிறகு ஒரு சாயந்தரம். தாரணி ஏதோ புத்தகம் படித்துக்கொண்டு இருந்தவள் தலையைத் தூக்கி, “அத்தை, களத்துல உங்களுக்குப் பங்கு எவ்வளவு?” என்று கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், “எனக்கு எதுக்கு கண்ணு பங்கு, அப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு” என்றேன். “என்னன்னு படிச்சுப் பாத்தீங்களா?” என்றாள். “உங்கப்பன் காமிச்ச எடத்துல போட்டேன்” என்றேன். அவள் புத்தகத்தில் ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள், அவ்வளவுதான். ஆனால் வாசப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பூபதியின் கை ஒரு செருப்போடு அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன். பிறகு இன்னொன்றையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “சோறு போடு” என்றான். அதற்கு மறுநாள்தான் அவனுக்கு சென்னை தூரமாகத் தெரிய ஆரம்பித்தது. பெண்பிள்ளை, அஞ்சு வருசம், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, காலம் கெட்டுக் கிடக்கிறது. இங்கேயே பக்கத்துக் காலேஜில் பி.காம். இல்லையா. குழந்தைவேலு வேறு வந்துவிட்டான். அவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி, கோகுல் என்று ஒரு பையன், மாமன் மகன் முறை. அவன் எதையும் நேராகக் கேட்க மாட்டான், சிரிக்க வைத்துக் கேட்பான். “ஏனுங் மச்சான், புள்ளை வக்கீலும் ஆயி முதலாளியும் ஆயிட்டா, என்ற பையன் எங்கீங் நிக்கறது? வாசல்லயா?” வளர்மதி சிரித்தாள். “அதுகூடப் பரவால்லீங், வக்கீலுக்குப் படிச்ச புள்ளைக மொதக் கேசை அப்பன் மேலதான் போடுதுங்களாமா.” இதற்கு வளர்மதி சிரிக்கவில்லை. பூபதியும் சிரிக்கவில்லை. தாரணிதான், “மாமா, உங்க மேல போட்டா பீஸ் வாங்க மாட்டேன், சொந்தக்காரர்ல” என்றாள். அப்போது அவன் சிரித்த சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது பூபதி சொன்னான், “நான் வேண்டாம்னு சொல்லல. போன்னும் சொல்லல. ஆத்தாகிட்டப் பூக் கேப்போம். அவ என்ன சொல்றாளோ அதுதான்.” சொல்லிவிட்டு நிம்மதியாக இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டான். இல்லை என்று சொல்ல வாய் கூசுகிறவர்களுக்கு சாமி எவ்வளவு வசதி. மகளிடம் கெட்ட பேர் வேண்டாம், மச்சினனிடம் கெட்ட பேர் வேண்டாம், எல்லாவற்றையும் கல்லின் தலையில் வை. கல் என்று நினைத்துவிட்டேன், கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன், தாயே.

தாரணி மறுப்பாள் என்று நினைத்தேன். படித்த பிள்ளை, பூவாவது பொட்டலமாவது என்று தட்டை உதறிவிட்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன், அப்படி ஒரு காட்சியைப் பார்க்க உள்ளுக்குள் ஆசைகூட இருந்தது. அவள் சரி என்றாள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து, “ரெண்டு பொட்டலம், ஒண்ணு எனக்கு. பாதிக்குப் பாதி அத்தை. அப்பாகிட்ட நேராக் கேட்டா அதுகூடக் கிடைக்காது” என்றாள். கெட்டிக்காரிதான். பாதிக்குப் பாதி. எனக்கு அப்படி எண்ணத் தோன்றவில்லை, என் முறை வந்தபோது. இதே கோயில்தான். அப்போது மண்டபம் கிடையாது, ஓட்டுச் சாய்ப்பு, தரையில் சாணம். எட்டாவது முடித்திருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி, ஒன்பதுக்கு டவுனில் ஆஸ்டலில் தங்க வேண்டும். ஜெயசீலி டீச்சர் வீடு வரைக்கும் வந்து, “கணக்குல இவளை மாதிரிப் பிள்ளை என் சர்வீஸ்ல பாக்கல, அனுப்பி வையுங்க” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா டீச்சருக்கு மோர் கொடுத்து, மரியாதையாக, “ஆத்தாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றமுங்” என்றார். மூன்று சிவப்பு, மூன்று வெள்ளை பறித்துக்கொண்டு வரச் சொன்னார், நான் ஓடிப் போய்ப் பறித்தேன், சிவப்பில் நல்லதாகப் பார்த்துப் பறித்தேன், அதுதான் நான் செய்த கள்ளத்தனம். நல்ல பூவாக இருந்தால் சாமிக்கு அதைப் பிடிக்கும் என்று நினைத்தேன். அப்பா சாய்ப்புக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியில் மேட்டுப் பிள்ளையார், அம்மா மிச்சப் பூவை எடுத்து வைத்தாள், தலையில் ஒரு சிவப்பு, இரண்டு காதிலும் ஒவ்வொரு சிவப்பு. காதில் பூ வைத்த பிள்ளையாரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது, சே, இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அம்மா நிம்மதியாகி என் கையை விட்டாள். மிஞ்சிய ஒரு வெள்ளையை நான் வீடு வரை கையில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், ஏன் பாவாயி மேலே படிக்கவில்லை என்று டீச்சரே சந்தையில் பார்த்துக் கேட்டபோதும், ஆத்தா வேண்டாம்னுட்டா என்றேன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு தெய்வம் என்னைப் பற்றி யோசித்திருக்கிறது. போகாதே, இங்கேயே இரு என்று என்னிடம் சொல்லியிருக்கிறது. எதற்கு இருக்கச் சொன்னாள் என்று ஒவ்வொரு காரியத்தின் போதும் தேடிப் பார்த்தேன். கல்யாணத்துக்கா. அவர் காய்ச்சலில் போனார், பிள்ளை இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளவா. அம்மா படுக்கையில் விழாமல் ஒரே நாளில் போனாள். பூபதியின் களத்தில் தேங்காய் எண்ணவா. அதற்குத்தான் போலிருக்கிறது என்று கடைசியில் சமாதானமாகிவிட்டேன். தெய்வத்துக்குக் களத்தில் எண்ண ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

பூபதி சாமி வாகனம் வைக்கிற அறைக்குப் பின்னால் போனவன் வருகிறான். தட்டில் இரண்டு பொட்டலம். மிச்சப் பூ இருக்கிற இலையை மடித்து, போகிற போக்கில், என்னைப் பார்க்காமலே என் மடியில் போட்டுவிட்டுப் போகிறான். பந்தியில் மீந்த சோறு, பிரித்த கட்டின் மிச்சக் கயிறு, தேய்ந்த சோப்பு, எங்கள் வீட்டில் மிச்சம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். கையை நீட்டினால் போதும், வாங்கிக்கொள்ள ஒரு கை இருக்கும் என்று அவனுக்கு யோசிக்காமலே தெரியும். இலை ஈரமாக மடியில் கிடக்கிறது. பூசாரி தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோகிறார். “என்ன காரியமுங்?” என்கிறார். பூபதி, “படிப்புக் காரியமுங். புள்ளையை வெளியூர் அனுப்பறதா வேண்டாமான்னு” என்கிறான். குரல் பணிவாக இருக்கிறது. “என்ன படிப்பு அம்மிணி?” என்று பூசாரி தாரணியைக் கேட்கிறார். “சட்டமும் வியாபாரமும் சேந்ததுங்க.” “ரெண்டும் சேருமா?” என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்படுகிறார். குழந்தைவேலு, “ரெண்டும் சேந்துதானுங் ஊரையே வெச்சிருக்குது” என்கிறான். பூசாரி சிரித்துக்கொண்டே பொட்டலங்களை இரண்டு கையாலும் உருட்டி, இடம் வலம் மாற்றி, அம்மன் காலடியில் வைக்கிறார். கற்பூரம் ஏற்றுகிறார். தாரணி கண்ணை மூடவில்லை. வளர்மதி மூடியிருக்கிறாள், உதடு அசைகிறது. அவள் எதை வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியாது, நேற்று மகளுக்குப் புதுப் பெட்டி ஒன்று எடுத்து வைத்தாள், அதே நேற்று தம்பியிடம் கோகுலுக்கு என்ன நட்சத்திரம் என்றும் கேட்டாள். நான் என்ன வேண்டுகிறேன். சிவப்பு என்றுதான் வேண்ட வேண்டும். சிவப்பு, சிவப்பு. போனால் அடுக்களையில் என்னோடு பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள். போனால் திரும்பி வரும்போது வேறு மாதிரிப் பேசுவாள். களத்தில் என் பக்கத்தில் குந்த மாட்டாள், நாற்காலி போடச் சொல்வாள். கணக்கை மிஷினில் போட்டுவிடுவாள். வெள்ளை வரட்டுமே. எனக்கு வந்தது அவளுக்கும் வந்தால் என்ன, அவள் என்ன என்னைவிட உசத்தியா, எனக்கு வந்த வெள்ளை ஏன் எனக்கு மட்டும். அந்த நினைப்பு வந்தது, வந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை, கற்பூரப் புகைக்குப் பின்னால் அம்மன் முகம் கறுப்பாக அப்படியே இருக்கிறது. நான் தூணில் நெற்றியை வைத்துக்கொள்கிறேன். சிவப்பு, தாயே, சிவப்பு.

“சம்பந்தமில்லாத கை ஒண்ணு வேணுமே” என்று பூசாரி சுற்றிப் பார்க்க, எலுமிச்சம்பழ மாலையோடு ஓரமாக நின்ற மஞ்சள் சேலைப் பெண் கூச்சத்தோடு வருகிறாள். “எதுன்னு எடுக்கறதுங்க?” “ஆத்தா கைல காட்டுவா, எடுங்க.” அவள் கை இடது பொட்டலத்துக்குப் போய், தயங்கி, வலதுக்கு வருகிறது, மறுபடி இடதையே எடுக்கிறது. தாரணியின் கழுத்து நரம்பு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பூசாரி நாரை அவிழ்க்கிறார். இலை விரிகிறது. வெள்ளை. மஞ்சள் சேலைப் பெண், “நல்லதுங்களா?” என்று கேட்கிறாள், பாவம், வெள்ளை என்றால் நல்லது என்று நினைக்கிறாள், அவள் ஊரில் அப்படி இருக்கலாம். வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், எதற்கு என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ. பூபதி பெருமூச்சு விட்டு, மகளின் தலையில் கையை வைத்து, “என்ன பண்றது அம்மிணி. ஆத்தா சொல்லீட்டா. அப்பன் கைல ஒண்ணும் இல்ல” என்கிறான். நல்ல அப்பன் குரல். நான்கூட நம்பினேன், என் அப்பா அன்றைக்கு என் தலையில் கை வைத்தபோது இருந்த அதே கனம். தாரணி கையைத் தட்டிவிடவில்லை. “இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாக்கலாமாங்க?” என்று பூசாரியிடம் கேட்கிறாள். பூசாரி நாக்கைக் கடித்துக்கொள்கிறார். “அது ஆவாதுங் அம்மிணி. சொல்லாததைக் கேக்கக் கூடாது.” “புள்ள இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள குறுக்கு விசாரணை” என்கிறான் குழந்தைவேலு. பூபதி அவசரமில்லாமல், ஆனால் நேராகப் போய் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடக்கிறான். எப்போதும் பூசாரிதான் போடுவார். தண்ணீர் வெகு ஆழத்தில் இருக்கிறது போல, விழுந்த சத்தம் வரவில்லை. அல்லது அரளிப் பூவுக்கும் இலைக்கும் சத்தம் வருகிற அளவு கனம் இல்லை. பூசாரி விபூதி கொடுக்கிறார். எல்லோரும் காருக்குப் போகிறார்கள். குழந்தைவேலு தாரணியிடம், “பி.காமும் நல்ல படிப்புதான் சாமி, நானெல்லாம் அதுவும் படிக்காமத்தான் நாப்பது பேருக்குச் சம்பளம் குடுக்கறேன்” என்கிறான். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒன்றும் சொல்லாமல் இருப்பது முதல் நாள் கஷ்டம், பிறகு பழகிவிடும், பிறகு நாக்கு இருக்கிற இடம் மறந்துபோகும்.

எழுந்திருக்க வேண்டும். முட்டி பிடித்துக்கொண்டது. மடியில் இலை. இதைப் பூசாரியிடம் கொடுத்தால் ஏதாவது சாமிக்கு வைப்பார், அல்லது போகிற வழியில் மேட்டுப் பிள்ளையாருக்கு வைக்கலாம், அங்கே இப்போது கம்பிக் கதவு போட்டுவிட்டார்கள், கதவு வழியாக எறியலாம். பிரிக்கிறேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. கண்ணில் பட்டதை எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது, அது ஒரு வியாதி மாதிரி. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சிவப்பு. பிறகு வெள்ளை. லாபம், ரெண்டு, மூணு. எட்டு. பறித்தது பத்து, கட்டியது இரண்டு, மிச்சம் எட்டு, சரி. சரி என்று இலையை மடித்தும்விட்டேன். பிறகுதான் கை நின்றது. மறுபடி பிரிக்கிறேன். வெள்ளை மூன்றுதான் இருக்கிறது. ஒன்று எங்கேயாவது விழுந்திருக்கும், முந்தானையை உதறிப் பார்க்கிறேன், தூணடியில் தடவிப் பார்க்கிறேன், சருகுதான் வருகிறது. சரி, வெள்ளை விழுந்தே இருக்கட்டும். சிவப்பு ஐந்தும் இருக்கிறதே. ஐந்து பறித்தேன், ஐந்தும் என் மடியில் இருக்கிறது. ஒரு சிவப்பு பொட்டலத்துக்குள் போயிருந்தால் ஐந்து எப்படி இருக்கும். எந்த நாரை அவிழ்த்திருந்தாலும் வெள்ளைதான். அந்தப் பெண் இடதா வலதா என்று எவ்வளவு நல்ல மனசோடு தயங்கினாள். பூபதி எப்போதும் மொத்தம் பார்க்கிறவன். எட்டு இருந்தால் அவனுக்கு எட்டு. பிரித்து எண்ணுகிறவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது அவனுக்கு மறந்துவிட்டது, அல்லது எண்ணினாலும் சொல்ல மாட்டாள் என்பது ஞாபகம் இருந்தது. யாரிடம் கற்றுக்கொண்டான். தானாகவே தோன்றியதா. அப்பா சொல்லிக் கொடுத்தாரா, எப்போது சொல்லிக் கொடுத்தார், பொலிகாளை பார்த்து வாங்குவதைச் சொல்லிக் கொடுத்த மாதிரி, பம்புசெட் மோட்டாரைக் கழற்றுவதைச் சொல்லிக் கொடுத்த மாதிரி. தலையில் ஒரு சிவப்பு. இரண்டு காதிலும் ஒவ்வொரு சிவப்பு. நான் பறித்தது மூன்று. பிள்ளையார் காதில் பூவைப் பார்த்து நான் சிரித்தேன். மூன்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டே சிரித்தேன். சாமி காரியத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், அன்றைக்கு ஒரு நாள்தான் நான் எண்ணாமல் இருந்தது. என்னைப் பற்றி எந்தத் தெய்வமும் யோசிக்கவில்லை. போகாதே என்று அவள் சொல்லவே இல்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. நான்தான் ஆத்தா வேண்டாம்னுட்டா, ஆத்தா வேண்டாம்னுட்டா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, சந்தையில் டீச்சரிடம் சொல்லிக்கொண்டு, அவரும் தலையாட்டிவிட்டுத் தக்காளி வாங்கப் போனார்.

வெளியே ஆரன் அடிக்கிறது. தாரணி படியேறி வருகிறாள், முகம் கழுவியிருக்கிறாள். “அத்தை, எந்திரிங்க. அப்பா கூப்புடறாரு. கையக் குடுங்க.” கையைக் கொடுத்தால் தூக்கிவிடுவாள். எழுந்து, இலையை மடித்து, காரில் பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம், என் வயசுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. வழியில் பிள்ளையார் கதவுக்குள் எறிந்துவிடலாம். அவள் பி.காம். படிப்பாள். கோகுல் நல்ல பையன்தான். ஆத்தா வேண்டாம்னுட்டா என்று அவளும் சொல்லிப் பழகுவாள். “உக்காரு” என்கிறேன். “என்னங்கத்தை, முட்டி வலிக்குதா?” “உக்காரு கண்ணு.” குந்தி உட்கார்கிறாள், களத்தில் உட்கார்கிற மாதிரியே. “காலைல நான் பறிச்சது செவப்பு அஞ்சு, வெள்ளை அஞ்சு. ரெண்டு தரம் எண்ணினேன். பொட்டலத்துக்கு ஒண்ணொண்ணு போனா என்ன மிஞ்சோணும்?” என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. “நாலும் நாலும்” என்கிறாள், எதற்குக் கேட்கிறேன் என்று புரியாமல். இலையை அவள் பக்கம் நகர்த்துகிறேன். “எண்ணு.” மறுபடி ஆரன். வளர்மதி வெளியே இருந்து என்னைக் கூப்பிட்டு, “நங்கை, நேரமாச்சுங்” என்கிறாள். தாரணி ஒன்று என்று தொடங்குகிறாள், லாபம் என்று அல்ல. விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி, சிவப்பை ஒரு பக்கம் வைக்கிறாள், வெள்ளையை ஒரு பக்கம் வைக்கிறாள். முடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து முதலிலிருந்து மறுபடி எண்ணுகிறாள். சிவப்பு ஐந்து. வெள்ளை மூன்று.